பெற்றோரிடம் கேட்கவும்

தாராவி
27 அக்டோபர் 2025

மதிப்பிற்குரிய செயலாளர் நாணு சார் அவர்களுக்கு,

வணக்கம். நேற்று போனில், "எதுவானாலும் எழுத்தில் கொடுங்கள்" என்றீர்கள். கொடுக்கிறேன். போனைப் பாதியில் வைத்தது நான்தான். அதையும் எழுத்தில் கொடுத்துவிடுகிறேன், உங்கள் கோப்பு முழுமையாக இருக்கட்டும்.

விஜயதசமி அன்று மாட்டுங்காவில் உங்கள் சபை மேடையில், எங்கள் மாலை வகுப்புக்கு ஆறு ரோபோக்களும் ஒரு டேப்லெட்டும் கொடுத்தீர்கள். ரோபோ என்றால் டிபன் பாக்ஸ் அளவில் இரண்டு சக்கரம் வைத்த பெட்டி. பிள்ளைகள் டேப்லெட்டில் கட்டளைகளை வரிசையாக அடுக்கினால் அது அப்படியே நடக்கும். அதற்கு ஒரு ஆப் இறக்க வேண்டும். இறக்கப் போனால் 'பெற்றோரிடம் கேட்கவும்' என்று திரையில் வருகிறது. கீழே 'கேள்' என்று ஒரு பொத்தான். அதையும் தொடுகிறோம். 'கேட்கப்பட்டது' என்கிறது. யாரிடம் கேட்டது, அவர் என்ன சொன்னார் என்று சொல்வதில்லை. தீபாவளி முடிந்து வகுப்பு திறந்ததிலிருந்து தினமும் இரண்டு முறை கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

சபைக்கு இந்த ரோபோக்களை வழங்கிய கம்பெனிக்காரர்கள் நவம்பர் 30 ஞாயிறு அன்று செம்பூரில் எல்லா வகுப்புகளையும் கூட்டிப் பார்க்கப் போகிறார்கள். ஓடாத ரோபோக்கள் செம்பூர் வகுப்புக்கு மாற்றப்படும் என்று உங்கள் சுற்றறிக்கையில் இருக்கிறது. ரோபோக்கள் செம்பூருக்குப் போனால் எங்கள் பதினான்கு பிள்ளைகளில் ஒருத்தியைக்கூட வீட்டில் அவற்றின் பின்னால் அவ்வளவு தூரம் அனுப்ப மாட்டார்கள். அதோடு முடியவில்லை. வகுப்பு நடக்கும் மாடி அறை பூலோகம் அண்ணாச்சியின் பை தைக்கும் பட்டறைக்குச் சொந்தமானது. அவர் சொல்லிவிட்டார்: "டீச்சர், அது நகந்துச்சுன்னா ரூம் ஒனக்கு. நகரலன்னா டிசம்பர்ல மேல ரெண்டு மிஷின் போட்டுருவேன், பாத்துக்க."

ஆகவே ரோபோ போனால் அறை போகும். அறை போனால் வகுப்பு போகும். டேப்லெட்டைப் பூட்டி வைத்திருப்பது சபைதான் என்று நினைக்கிறேன். திறந்து கொடுங்கள்.

இப்படிக்கு,
அ. மாரிசெல்வி

பின்குறிப்பு: தபாலில் போட்டால் தாதரைச் சுற்றி வரும் என்பதால் நானே நடந்து வந்து சபை வாசல் பெட்டியில் போடுகிறேன்.


கல்வி உபகார சபை
(நிறுவப்பட்டது 1951)
மாட்டுங்கா
31 அக்டோபர் 2025

அன்புள்ள மாரிசெல்வி அவர்களுக்கு,

தங்கள் கடிதம் வரப்பெற்றது. அதில் தபால் முத்திரை இல்லாததால், எந்தத் தேதியில் வந்ததாகப் பதிவது என்று முடிவெடுக்க ஒரு நாள் கழிந்தது. இனி தபாலிலேயே அனுப்பவும். பெட்டியில் தாங்கள் கடிதம் போட்டபோது நான் உள்ளேதான் இருந்தேன். எனினும் எழுந்து வந்து வாங்கியிருந்தால் அது நேர்ச் சந்திப்பாகியிருக்கும்.

முதலில், சபை எதையும் பூட்டி வைக்கவில்லை. ஆனால் விதி பதினொன்றின்படி சபைச் சொத்தில் எதைச் சேர்ப்பதற்கும் செயற்குழுவின் தீர்மானம் தேவை. இந்த விதி 1958இல் ஒரு ஹார்மோனியத்தை முன்னிட்டு எழுதப்பட்டது. அறுபத்தேழு ஆண்டுகளுக்குப் பின் ஒரு செயலிக்கும் பொருந்துமாறு அதை எழுதியவர்களை நாம் பாராட்ட வேண்டும். செயற்குழு நவம்பர் 13 அன்று கூடும்.

இரண்டாவது, திரையில் வரும் அறிவிப்பு. அதில் எனக்குக் குழப்பம் எதுவும் இல்லை. வகுப்பில் பதினான்கு மாணவியர் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பெற்றோர் இருக்கிறார்கள். அவர்களிடம் நாம் கேட்கவில்லை. கருவி அதை நினைவூட்டியிருக்கிறது, அவ்வளவே. ஒவ்வொரு பெற்றோரிடமும் சம்மதக் கடிதம் பெற்று, இரண்டு பிரதிகளாக அனுப்புங்கள்.

மூன்றாவது, தொலைபேசியில் "உங்க சபை என்ன சார், சின்னப்புள்ள மாதிரி நடக்குது" என்றீர்கள். மேலே உள்ள ஆண்டை ஒருமுறை பார்க்கவும்.

தங்கள்,
ஆர். நாணு
செயலாளர்


தாராவி
9 நவம்பர் 2025

மதிப்பிற்குரிய நாணு சார்,

பதினான்கு சம்மதக் கடிதங்களும் இணைத்திருக்கிறேன். இரண்டு பிரதிகள். தபால்தலையும் ஒட்டியிருக்கிறேன்.

எப்படி வாங்கினேன் என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். அஃப்ஷாவின் அப்பா ராஹில் ஜரிகை வேலை செய்கிறவர். கையிலிருந்த ஊசியைக் கீழே வைக்காமலே, "மேடம், டேப்லெட் கோ மேரா பர்மிஷன் காய்கோ?" என்றார். டேப்லெட்டுக்கு என் அனுமதி எதற்கு என்கிறார். எனக்கும் தெரியாது என்றேன். அது நேர்மையான பதில் என்று சொல்லி இந்தியில் எழுதிக் கொடுத்தார். இசக்கிசெல்வியின் அம்மா செண்பகவல்லி, பூலோகம் அண்ணாச்சியிடம் ஜிப் மாட்டுகிறவர். அவர் டேப்லெட்டையே வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது எங்கிட்ட கேக்கவே இல்லியே டீச்சர். கேட்டா வேண்டாம்னா சொல்லப்போறேன்?" என்றார். பெருவிரல் வைத்தார்.

பதினான்கு கடிதங்களையும் டேப்லெட்டுக்கு முன்னால் பரப்பி வைத்துவிட்டு மறுபடி பொத்தானைத் தொட்டோம். 'பெற்றோரிடம் கேட்கவும்' என்றது.

வகுப்பை நிறுத்தவில்லை. பை தைப்பதற்கு உள்ளே வைக்கிற அட்டை கீழே நிறையக் கழிவாகக் கிடக்கும். அதை வெட்டி, ஒவ்வொன்றிலும் ஒரு கட்டளை எழுதினோம். நாலடி முன்னால். வலப்பக்கம் திரும்பு. சுவர் தெரிந்தால் நில். ஒருத்தி கண்ணைக் கட்டிக்கொண்டு ரோபோவாக நிற்பாள், மற்றவர்கள் அட்டையை வரிசையாக வாசிப்பார்கள். சந்துக்குள் மூன்று திருப்பம் கடந்து குழாயடி வரை போய்த் திரும்புகிறார்கள். ஒரு நாள் இசக்கிசெல்வி சாக்கடையில் ஒரு கால் வைத்துவிட்டாள். "நான் சரியாத்தான்க்கா நடந்தேன். நீங்க சரியா எழுதல" என்றாள். அது உண்மை. ஓர் அட்டை குறைந்திருந்தது.

சொன்னதைச் செய்யும், எதற்குச் சொன்னார்கள் என்று யோசிக்காது. ரோபோ என்றால் இதுதான் என்று புரியவைக்க எனக்கு உதாரணம் தேவைப்பட்டது. உங்கள் அக்டோபர் 31 கடிதத்தை வாசித்துக் காட்டினேன். உடனே புரிந்துகொண்டார்கள்.

அ. மாரிசெல்வி


கல்வி உபகார சபை
(நிறுவப்பட்டது 1951)
மாட்டுங்கா
14 நவம்பர் 2025

அன்புள்ள மாரிசெல்வி அவர்களுக்கு,

மகிழ்ச்சியான செய்தி. செயற்குழு நேற்றுக் கூடி, செயலியை நிறுவ ஐந்துக்கு ஒன்று என்ற வாக்கில் அனுமதி அளித்தது. எதிர்த்தவர் எந்தத் தீர்மானத்தையும் எதிர்ப்பவர். சபை முத்திரையிட்ட பிரதியை இணைத்துள்ளேன். இனி தடையில்லை.

சம்மதக் கடிதங்களில் சிறு குறைகள் உண்டு. ராஹில் அவர்களின் கடிதத்துக்குத் தமிழ் மொழிபெயர்ப்பு தேவை. செண்பகவல்லி அவர்களின் பெருவிரல் ரேகைக்குச் சாட்சி இல்லை. இவற்றைச் சரிசெய்தால் கருவியும் திருப்தி அடையும் என நம்புகிறேன்.

என் கடிதம் கல்விப் பணிக்குப் பயன்பட்டதை அறிந்தேன். சபையின் நோக்கமே அதுதான்.

என் மனைவி அகிலாண்டத்துக்கு இந்தக் கடிதப் போக்குவரத்தில் உடன்பாடில்லை. "ஏன்னா, அந்தப் பொண்ணு இருக்கற எடம் பத்து நிமிஷ நடை. நீங்க இங்க உக்காந்து தபால்தலைய நக்கிண்டிருக்கேள்" என்கிறாள். நடைக்குப் பதிவேடு கிடையாது என்று விளக்கினேன்.

தங்கள்,
ஆர். நாணு
செயலாளர்


தாராவி
18 நவம்பர் 2025

நாணு சார்,

உங்கள் தீர்மானத்தையும் டேப்லெட்டுக்குக் காட்டினோம். முத்திரை தெரியும்படிதான் காட்டினோம்.

இன்னும் பன்னிரண்டு நாள் இருக்கிறது. செம்பூர் வகுப்பு நடத்தும் கோகிலவாணி மேடம் நேற்று போன் செய்து, ரோபோக்கள் வந்த அட்டைப்பெட்டி பத்திரமாக இருக்கிறதா என்று அன்பாகக் கேட்டார். எடுத்துப்போக வசதியாக இருக்குமாம். பூலோகம் அண்ணாச்சி மாடியில் மிஷினுக்குப் பிளக் பாயின்ட் எங்கே வைக்கலாம் என்று எலக்ட்ரீஷியனைக் கூட்டி வந்து காட்டினார். பிள்ளைகள் அதைப் பார்த்துக்கொண்டே அட்டை அடுக்கினார்கள்.

குர்லாவில் போன் ரிப்பேர் கடை வைத்திருக்கும் என் தம்பி சுரேந்திரனை வரவழைத்தேன். ரோபோக்கள் இந்த ஒரு டேப்லெட்டோடு மட்டும்தான் பேசும், வேறு போனில் ஓட்ட முடியாது என்றான். எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக ஆரம்பிக்கலாம் என்றான். அதில் சபை பெயரில் நீங்கள் திறந்த கணக்கை அழிக்க மாட்டேன், மாற்ற மாட்டேன் என்று டேப்லெட் வாங்கும்போது உங்கள் படிவத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். சொன்ன சொல்லை மாற்றுவதில்லை.

போகும்போது அவன் ஒன்று கேட்டான்: "அக்கா, கணக்கு தொறக்கும்போது அந்தச் செயலாளர் என்னென்ன போட்டாருன்னு தெரியுமா?"

எனக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும். நீங்கள் எதையும் குறித்து வைக்காமல் இருந்திருக்க மாட்டீர்கள். அந்த ஒரு நம்பிக்கையில் கேட்கிறேன். ஒன்று விடாமல் எழுதி அனுப்புங்கள்.

மாரிசெல்வி


கல்வி உபகார சபை
(நிறுவப்பட்டது 1951)
மாட்டுங்கா
21 நவம்பர் 2025

அன்புள்ள மாரிசெல்வி அவர்களுக்கு,

தங்கள் நம்பிக்கை வீண்போகவில்லை. முப்பத்தொரு ஆண்டு வங்கியில் வேலை பார்த்தவன் திரையில் எழுதியதைக் காகிதத்திலும் எழுதிக்கொள்வான். நோட்டிலிருந்து அப்படியே தருகிறேன்.

விஜயதசமி காலை, ராகு காலத்துக்கு வெகு முன்பாகவே, கணக்கைத் திறந்தேன். முதல் பெயர் கேட்டது. கல்வி என்று கொடுத்தேன். குடும்பப் பெயர் கேட்டது. உபகார சபை என்று கொடுத்தேன். ஆணா பெண்ணா என்றது. பொதுக்குழுவைக் கலக்காமல் சொல்லக்கூடிய விஷயம் அல்ல என்பதால் 'சொல்ல விரும்பவில்லை' என்பதைத் தொட்டேன். அப்படி ஒரு வசதி வைத்திருப்பது நாகரிகமாகப் பட்டது.

பிறந்த தேதி கேட்டது. இங்கே சற்று யோசித்தேன். என்னுடையதைப் போட்டிருக்கலாம். ஆனால் சபைச் சொத்தில் தனிநபர் விவரம் இடம்பெறுவது விதி ஏழுக்கு முரண். 1951 என்று போடக் கை போனது. ஆனால் ஆண்டுவிழாவில் மைக்கை யார் பிடிப்பது என்ற விவகாரத்தில் சபை இரண்டாகப் பிரிந்ததும், நம் தரப்பு புதிய பெயரில் 2013 ஜனவரி 12 அன்று பதிவு செய்யப்பட்டதும் தாங்கள் அறிந்திருக்கலாம். கடிதத் தாளில் 1951 என்று போடுவது பெருமை. படிவத்தில் போட்டால் பொய். எனவே 12-1-2013 என்று போட்டேன்.

அதன்பின் அது மிகுந்த அக்கறை காட்டியது. இந்தக் கணக்கைக் கவனித்துக்கொள்ளப் பெரியவர் ஒருவர் வேண்டும், அவருடைய மின்னஞ்சலைக் கொடுங்கள் என்றது. டேப்லெட் இருக்கப்போவது தங்களிடம். ஆகவே கோப்பில் இருந்த தங்கள் மின்னஞ்சலைக் கொடுத்தேன். மேடையில் டேப்லெட்டைத் தங்கள் கையில் கொடுத்து, கடவுச்சொல்லை இடச் சொன்னேன் அல்லவா? இது ரசீது மாதிரி என்று சொன்னேன். தாங்களும் டைரியைப் பார்த்து இட்டு, அது கேட்ட எல்லாவற்றுக்கும் சம்மதம் என்று தொட்டீர்கள். போட்டோகிராபர் காத்திருந்தார்.

எல்லாம் முறைப்படி நடந்திருப்பதைக் காண்பீர்கள். பிழை நம் பக்கத்தில் இல்லை.

தங்கள்,
ஆர். நாணு
செயலாளர்


தாராவி
26 நவம்பர் 2025

மதிப்பிற்குரிய நாணு சார்,

உங்கள் கடிதம் இன்று பிற்பகல் வந்தது. வகுப்பில் சத்தமாக வாசித்தேன். பிறந்த தேதி வந்ததும் இசக்கிசெல்வி விரல் விட்டு எண்ணினாள். "அக்கா, அப்பம் சபைக்கு எங்க வயசுதானா?" என்றாள்.

ஆமாம் சார். உங்கள் சபைக்கு வயது பன்னிரண்டு. பதின்மூன்று நிரம்பாத பிள்ளை ஆப் இறக்க வேண்டுமானால் வீட்டுப் பெரியவரிடம் கேட்க வேண்டும். டேப்லெட் இத்தனை நாளும் எங்கள் பிள்ளைகளின் பெற்றோரைக் கேட்கவில்லை. சபையின் பெற்றோரைக் கேட்டது.

அது யார் என்பதையும் நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

அந்த மின்னஞ்சல் பான் கார்டுக்காகத் தொண்ணூறு அடி ரோட்டு ஜெராக்ஸ் கடையில் திறந்தது. கொரோனாவுக்குப் பிறகு நான் அதை எட்டிப் பார்த்ததில்லை, என் போனிலும் வைத்துக்கொள்ளவில்லை. வகுப்பைப் பாதியில் விட்டு அதே கடைக்குப் போய்த் திறந்தேன். அறுபத்தொரு கடிதம் வந்து கிடந்தது. எல்லாவற்றிலும் ஒரே வரி: உங்கள் குழந்தை கல்வி உபகார சபை ஓர் ஆப் கேட்கிறது, அனுமதிக்கிறீர்களா? ஒரு மாதமாகப் பிள்ளை தினமும் இரண்டு முறை கேட்டிருக்கிறது. நான் பதிலே சொல்லவில்லை. மேடையில் எதற்குச் சம்மதம் என்று வாசிக்காமல் தொட்டவளும் நான்தான். இரண்டும் என் பக்கத்துத் தவறு. எழுத்தில் ஒப்புக்கொள்கிறேன்.

உங்கள் அனுமதிக்காக நான் உங்கள் பெட்டிக்குக் கடிதம் போட்டுக்கொண்டிருந்த நாளெல்லாம், சபை என் அனுமதிக்காக என் பெட்டியில் காத்துக் கிடந்திருக்கிறது. சபையைச் சின்னப்புள்ளை என்று போனில் சொன்னதற்கு மன்னிப்புக் கேட்க நினைத்திருந்தேன். இனி அவசியமில்லை.

அனுமதித்தேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. திரும்பி வந்தபோது ஆப் தானாக இறங்கியிருந்தது. பிள்ளைகள் சந்தில் நடந்து நடந்து திருத்திய அட்டைகளை அப்படியே பார்த்து ஏற்றினார்கள். முதல் ரோபோ பூலோகம் அண்ணாச்சியின் ஜிப் டப்பாவைச் சுற்றி வந்து, சுவருக்கு ஒரு சாண் முன்னால் நின்றது. அண்ணாச்சி குனிந்து பார்த்தார். "ஞாயித்துக்கெழமையும் இங்கன நின்ன மாதிரியே நிக்கணும், கேட்டியா" என்று ரோபோவிடமே சொன்னார். எலக்ட்ரீஷியனை வர வேண்டாம் என்று இன்னும் சொல்லவில்லை.

ஞாயிறு காலை பத்து மணி, செம்பூர். நீங்கள் வரலாம். நேர்ச் சந்திப்பு என்று பதிய வேண்டாம்.

மாரிசெல்வி


கல்வி உபகார சபை
(நிறுவப்பட்டது 1951, பதிவு 2013)
மாட்டுங்கா
4 டிசம்பர் 2025

அன்புள்ள மாரிசெல்வி அவர்களுக்கு,

ஞாயிறன்று கடைசி வரிசையில் இருந்தேன். தாங்கள் பார்த்தீர்கள், நானும் பார்த்தேன். பதிவு செய்யவில்லை.

ஐந்து ரோபோக்கள் நடக்க வேண்டியபடி நடந்தன. ஆறாவது பாதியில் மேடை விளிம்பை நோக்கிப் போனபோது, பையிலிருந்த தீர்மானப் பிரதியை இறுகப் பிடித்துக்கொண்டேன். அதனால் என்ன பயன் என்று இப்போது சொல்லத் தெரியவில்லை. அந்தப் பெண் இசக்கிசெல்வி பதறவில்லை. ரோபோவைத் தொடவும் இல்லை. டேப்லெட்டில் ஒரே ஒரு கட்டளையைச் சேர்த்தாள், அது திரும்பிக்கொண்டது. கம்பெனி அதிகாரி, "எப்படி இவ்வளவு சீக்கிரம் பிழையைக் கண்டுபிடித்தாய்?" என்று கேட்டார். "ஏற்கெனவே அதுல நான் விழுந்திருக்கேன் சார்" என்றாள். அவருக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. கோகிலவாணி கொண்டுவந்த காலி அட்டைப்பெட்டியைக் காலியாகவே கொண்டுபோனார். ரோபோக்கள் தாராவியிலேயே இருக்கும் என்ற உத்தரவு இன்று வந்தது, இணைத்துள்ளேன். பூலோகம் அவர்களிடம் காட்டவும். முத்திரை தெளிவாக உள்ளது.

இனி ஒரு சங்கடமான விஷயம். ஜனவரி 12 அன்று சபைக்குப் பதின்மூன்று வயது நிறைகிறது. அந்த நாளில் விரும்பினால் பெரியவரின் மேற்பார்வையிலிருந்து விலகிக்கொள்ளலாம் என்று திரை அறிவிக்கிறது. செயற்குழு அவசரமாகக் கூடியது. விலக வேண்டாம் என்று ஒருமனதாக முடிவானது. எல்லாவற்றையும் எதிர்ப்பவரும் கை தூக்கினார். மைக் விவகாரத்துக்குப் பின் சபையில் ஒருமனதாக நடந்த முதல் காரியம் இது.

கடைசியாக ஒன்று. மார்கழி பஜனைக்காக அலுவலக டேப்லெட்டில் தம்புரா செயலி ஒன்றை நிறுவ முயன்றேன். அதுவும் சபையின் அதே கணக்கில் திறந்தது. திரையில் வந்த வாசகத்தைத் தங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

கேட்கிறேன்.

தங்கள்,
ஆர். நாணு
செயலாளர்


தாராவி
8 டிசம்பர் 2025

அன்புள்ள நாணு சார்,

உத்தரவை அண்ணாச்சியிடம் காட்டினேன். வாசிக்கவில்லை, முத்திரையை மட்டும் தடவிப் பார்த்தார். எலக்ட்ரீஷியனைப் போகச் சொல்லிவிட்டு, அதே இடத்தில் ரோபோக்களுக்குப் பலகை அடித்துக் கொடுத்தார்.

தம்புரா விண்ணப்பத்தோடு பெற்றோர் சம்மதக் கடிதம் இணைக்கப்படவில்லை. பெற்றோர் நானே என்பதால் இந்த ஒரு முறை மட்டும் விலக்கு.

அனுமதி உண்டு. நாளுக்கு ஒரு மணி நேரம். இரவு ஒன்பதுக்குத் தானாக அணைந்துவிடும், பிள்ளை தூங்க வேண்டும். காரணம் வேண்டுமானால் எழுத்தில் கேளுங்கள். அகிலாண்டம் மாமி சொன்னது போல் நடந்து வந்தும் கேட்கலாம். பத்து நிமிடம்தான்.

மாரிசெல்வி